சிவப்பு பூசிய துணி உருண்டை

தொடவில்லை. இன்னும் தொடவில்லை அந்த ஆள். எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார். சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவன்கூட இதைவிட அழுத்திப் பார்ப்பான். இரண்டு விரல் நுனியில் பிடித்துத் தூக்குகிறார் என்பது சத்தத்திலேயே தெரிகிறது, உருண்டையும் கம்பியும் லேசாக அசைகிற கிளுக், பிறகு பெட்டிக்குள் திரும்ப விடும்போது ஒரு டொக், பிறகு பேனா. இது மூன்றாவது டிக். எதிரே உட்கார்ந்திருக்கிறேன், கையை மடியில் கோர்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நல்லபெருமாள், வேதியியல் வாத்தியார், இன்றைக்குக் கல்வித்துறை அனுப்பிய நிபுணர். கண் தெரியாத பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க நான் செய்த பதினெட்டு உருவங்களையும் பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார். சரி என்று எழுதினால் எங்கள் பள்ளியில் இந்த வருஷமே பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு வரும். இல்லையென்றால் வழக்கம்போல எல்லாருக்கும் வரலாறு. வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அலி பாத்திமா பத்தாவது முடித்துவிட்டு அந்தக் கையெழுத்துக்காக வெளியே வராந்தாவில் காத்திருக்கிறாள், காலை எட்டு மணியிலிருந்து, இட்லியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு. கையெழுத்து அவளுக்கு. எனக்கு வேண்டியது வேறு. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்கிறது, மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்கள் நாற்பது பேர் வருகிறார்கள், அதிகாரி வருகிறார், அத்தனை பேர் முன்னால் இந்த மனுஷனை நான் உரிக்கப்போகிறேன்.

எந்த ஊரும்மா உங்களுக்கு என்று வந்ததும் கேட்டார். சொன்னேன். நல்ல ஊர், ஆத்துத் தண்ணி என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை அவருக்கு. கோமதி என்ற என் பேரும் வரவில்லை, அந்த ஊரிலிருந்து வந்த கண் தெரியாத பிள்ளையும் வரவில்லை. எனக்கு வருகிறது சார். ஜூன் மாசம், செவ்வாய்க்கிழமை, உங்கள் தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சென்றது. அப்பா பக்கத்தில் நிற்கிறார், உட்காரச் சொல்லவில்லை நீங்கள். பத்தாவதில் அறிவியலில் எண்பத்தெட்டு, முதல் பிரிவு வேண்டும் என்கிறாள் என்று அப்பா சொல்கிறார், என்னவோ தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிறவர் குரலில். நீங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் தாளை எடுத்து என் கையில் வைத்தீர்கள். லிட்மஸ் தாள். இது செவப்பா நீலமான்னு சொல்லும்மா, சொல்லிட்டா இப்பவே சீட்டு. நான் என்ன செய்தேன்? முகர்ந்து பார்த்தேன். பதினைந்து வயசு, முட்டாள், வாசனையில் ஏதாவது இருக்கும் என்று முகர்ந்து பார்த்தேன். எழுத்தர் சிரித்தார், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வாத்தியார் சிரித்தார், நீங்கள் சிரித்தீர்கள். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். அப்பாவும் சிரித்தார். பெரியவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரிப்பதுதானே மரியாதை, அந்தச் சிரிப்பைத்தான் சிரித்தார், ஹெ ஹெ என்று, எனக்கு அது காதில் இன்னும் இருக்கிறது. அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, மற்ற எந்தச் சத்தமும் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இல்லை, என் பேரைக் கூப்பிடுகிற குரல்கூட மங்கிவிட்டது, இந்த ஹெ ஹெ மட்டும் போகமாட்டேன் என்கிறது. நாற்காலி பின்னக் கத்துக்கட்டும், நல்ல தொழிலு என்றும் சொல்லி அனுப்பினார் இந்தத் தலைமையாசிரியர். கற்றுக்கொண்டேன். இப்போது அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் பிரம்பு பின்னியது நான்தான். நேற்று மாலை அதில் ஓர் இழையை அறுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன், சின்னத்தனம் என்று விட்டுவிட்டேன். என் ஆத்திரத்துக்கு அது காணாது.

நான்காவது டிக். நடுவில், பெட்டிக்கு வெளியே தனியாக வைத்திருக்கிற வெங்காயத் துணிக்கு வந்துவிட்டார். சின்ன வெங்காயத்தை நறுக்கி, துணியோடு ஒரு ராத்திரி மூடி வைத்து, அந்தத் துணியில் ஒரு துண்டு அமிலத்தில், ஒரு துண்டு காரத்தில். அமிலத்தில் வெங்காய வாடை அப்படியே நிற்கும். சோடா உப்புக் கரைசல், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி காரம் பட்டால் வாடை போய்விடும். மூக்கு போதும், கண் தேவையில்லை. இதை அவர் மேஜையில் வைக்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். செவப்பா நீலமா என்று கேட்டீர்களே சார், இதோ, மோந்து பாருங்கள். மோந்து பார்க்கிறார். மூச்சு இழுக்கிறது கேட்கிறது. "அட, இது நல்லாருக்கேம்மா. இத்தன வருசம் வாத்தியாரா இருந்தேன், எனக்குத் தோணலையே" என்கிறார். பாராட்டுகிறாராம். உடம்பெல்லாம் எரிகிறது எனக்கு. உனக்கு எப்படித் தோன்றும், உனக்குத்தான் தாள் இருந்ததே. நன்றி சார் என்கிறேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு மானமே கிடையாது.

ஐந்தாவது. மீத்தேன். கார்பனுக்கு உப்புத்தாள் ஒட்டிய உருண்டை, சொரசொரவென்று இருக்கும், நாலு பக்கமும் சைக்கிள் கம்பியை வெட்டிச் செருகி நாலு கை. ஆக்சிஜனுக்குச் சணல் கயிறு சுற்றியது, இரண்டு கை. நைட்ரஜனுக்குத் துணி சுற்றியது, மூன்று கை. ஹைட்ரஜன் சின்ன வழவழப்பு மணி, ஒரே கை. இதுதான் எங்கள் சட்டம், விரலுக்கு இதுதான் எழுத்து. நான் இதைப் படித்தது புளியங்கொட்டையிலும் ஈர்க்குச்சியிலும். பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டே, அக்கா வாய்விட்டு வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்த வேதியியல் புத்தகத்தை, அவள் புரியாமல் வாசித்ததை நான் புரிந்துகொண்டு, ஒவ்வொரு மூலக்கூறாகக் கொட்டையில் குத்திக் கட்டினேன். பாபரும் அக்பரும் பரீட்சைக்கு, இது எனக்கு. இந்தப் பெட்டிக்கு நிறம் தேவையே இல்லை. ஆனால் கல்வித்துறை சொன்னது, பார்வையுள்ள ஆசிரியர்களும் கையாள்வதால் வழக்கமான நிறங்கள் பூசப்பட வேண்டும் என்று. கார்பன் கறுப்பு, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், ஹைட்ரஜன் வெள்ளை. அந்தக் கடிதத்தை ஸ்டெல்லா அக்கா, எங்கள் தையல் டீச்சர், வாசித்துக் காட்டிய நிமிஷத்தில்தான் எனக்கு அது தோன்றியது. நிறம் கண்ணுக்கு, தொடுகை விரலுக்கு. இரண்டையும் வேறு வேறாகச் சொல்ல வைத்தால்?

பெட்டியின் ஏழாவது பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. நடு உருண்டைக்குச் சணல் சுற்றவில்லை நான். துணி சுற்றினேன். ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்து, இதற்குச் சிவப்பு அடியுங்கள் என்றேன். துணிக்கு நீலந்தான கோமதி என்றாள். இதுக்கு மட்டும் சிவப்புக்கா என்றேன். அவள் மேலே கேட்கவில்லை, தையல் டீச்சர்களுக்கு ஆயிரம் வேலை. கண்ணால் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, வெள்ளை, தண்ணீர். விரலால் பார்த்தால் நைட்ரஜனுக்கு இரண்டு கை, அப்படி ஒரு பொருள் பெட்டியிலேயே கிடையாது. தொட்டால் ஒரு நொடியில் தெரியும். தொடாத ஆளுக்கு ஆயுசுக்கும் தெரியாது. அறிக்கையின் கடைசியில், ஒவ்வொன்றையும் நானே பரிசோதித்துச் சரி என்று கண்டேன், என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு, மூன்று மணிக்கு, மேடையில், அவர் கையில் அந்தத் தண்ணீரைக் கொடுத்துச் சொல்வேன். கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க சார், இது என்னன்னு சொல்லிட்டா இப்பவே உங்கள வாத்தியார்னு ஒத்துக்கிடுதேன். மூன்று மாசமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன் அந்த வாக்கியத்தை. குளிக்கும்போது, பஸ்ஸில், சப்பாத்திக்கு மாவு பிசையும்போது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தணிக்க வேண்டும் என்றெல்லாம் தெரியும். நாற்பது பேர் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிக்க வேண்டியிருக்கும். அதுதான் எனக்கு வேண்டும், அந்த ஹெ ஹெ அவர் வாயிலிருந்து வர வேண்டும். பிறகு அவர் கோபத்தில் அறிக்கையைக் கிழித்துவிட்டால்? கிழிக்க முடியாது, காலையிலேயே அலுவலகத்தில் முத்திரை வைத்துப் பதிவாகிவிடும், அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அப்படியும் அதிகாரி, தப்பான பொருளைக் கொடுத்து ஏமாற்றினாயா என்று கேட்டால்? ஏமாந்தது யார் என்று திருப்பிக் கேட்பேன். கேட்க முடியுமா? முடியும். அலி பாத்திமாவின் சீட்டுக்கு ஏதாவது வந்தால்? வராது. வராது என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மட்டும் மனசு காலைத் தேய்க்கிறது.

ஆறாவது டிக். கார்பன் டை ஆக்சைடு. இனி ஏழு. என் காது முழுக்க அவர் விரலில் இருக்கிறது. எடுக்கிறார். மணி இரண்டும் பெட்டி விளிம்பில் தட்டுகிறது. நகம் கம்பியில் படுகிறது, கம்பியில், உருண்டையில் இல்லை. நின்றுவிட்டார். ஏன் நின்றார்? துணிக்கும் சணலுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்தானே, ஸ்டெல்லா அக்கா சொன்னாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று. அவர் கழுத்துத் தைல வாடை என் பக்கம் வருகிறது, குனிகிறார் போலிருக்கிறது. "தண்ணி" என்கிறார். தனக்குத்தானே, திருப்தியாக. டொக். டிக். ஏழு.

விழுந்தார்! எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருக்கிறது. மடியில் விரல்களை அவ்வளவு இறுக்கிக்கொள்கிறேன், எலும்பு வலிக்கிறது. வாத்தியாரே, முப்பது வருஷம் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்திய வாத்தியாரே, தண்ணீர் எது என்று தெரியவில்லை உமக்கு. எட்டு, ஒன்பது, பத்து, என்னவோ எடுக்கட்டும், என்னவோ வைக்கட்டும், இனி எனக்குக் கவலை இல்லை. மூன்று மணி வர இன்னும் நாலு மணி நேரம். மத்தியானம் கேசரி போடச் சொல்லியிருக்கிறார்கள் அவருக்காக, தின்னட்டும், நன்றாகத் தின்றுவிட்டு வரட்டும். மேடையில் அவர் என் இடது பக்கமா வலது பக்கமா நிற்பார்? ஒலிபெருக்கி அவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பதினாறு, பதினேழு, பதினெட்டு. பேனாவை மூடுகிறார். இல்லை, மூடவில்லை. தாளைப் புரட்டுகிறார். ஒரு பிள்ளைய வரச் சொல்லுங்கம்மா, ரெண்டு உருவத்தையாவது பிள்ளை தொட்டுச் சொல்றதப் பாத்துட்டுத்தான் எழுதணும்னு போட்டிருக்கு என்கிறார். எங்கே போட்டிருக்கிறது? அந்தப் படிவத்தை ஸ்டெல்லா அக்கா எனக்கு வாசித்தாள், முதல் பக்கம் வாசித்தாள், பின்பக்கம் திருப்பவில்லை. பின்பக்கம் ஒன்று இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. இத்தனை கணக்குப் போட்டவள் தாளுக்கு இரண்டு பக்கம் என்று மறந்துவிட்டேன்.

அலி பாத்திமா வருகிறாள். செருப்பை வாசலில் விடுகிற சத்தம், மேஜை விளிம்பைத் தேடுகிற கை. சலாம் சார் என்கிறாள், அவள் குரல் மெலிந்திருக்கிறது, சாப்பிடாத குரல். உட்காரச் சொல்கிறார். உட்காரச் சொல்கிறார் பார், இவளை மட்டும். பயப்படாத தாயி, தெரிஞ்சதத்தான் கேப்பேன் என்கிறார். மற்றது எதையாவது எடுங்கள், மீத்தேன் எடுங்கள், பதினேழில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். சார், எத்தனால் கொடுங்க, அவளுக்கு நல்லா வரும் என்கிறேன் நான், அவசரமாக. வேண்டாம்மா, பிள்ளைக்கு எதுக்குக் கஷ்டமானது, சுலபமாவே ஆரம்பிப்போம், எல்லாரும் குடிக்கிறதுதான் என்கிறார். இரக்கப்படுகிறாராம். மணிகள் பெட்டி விளிம்பில் தட்டுகின்றன. கொடுத்துவிட்டார்.

அவள் விரல் எனக்குத் தெரியும், நான் பழக்கிய விரல். முதலில் மணி இரண்டு, பிறகு கம்பி, பிறகு நடு உருண்டை. நிற்கிறது. திரும்பவும் மணியிலிருந்து. நிற்கிறது. துணியின் மேல் நகம் போகிற சரக் சரக் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். மூன்றாம் தடவை தொடுகிறாள். சொல்லு, தப்புன்னு சொல்லு, இது துணின்னு சொல்லு என்று நான் உள்ளே கத்துகிறேன், அவள் சொன்னால் என் மூன்று மணி போய்விடும், போகட்டும் என்று தோன்றுகிறது, போகக்கூடாது என்றும் தோன்றுகிறது, இரண்டும் ஒரே மூச்சில். எல்லாரும் குடிக்கிறது என்று சொல்லிவிட்டாரே அந்த ஆள். செய்தது கோமதி டீச்சர் ஆயிற்றே, டீச்சர் தப்பாகச் செய்வாளா? "தண்ணி சார்" என்கிறாள், மெல்ல. கெட்டிக்காரி என்கிறார் அவர். அடுத்து அமோனியா வைக்கிறார் அவள் கையில். துணி உருண்டை, மூன்று கை, சரியான உருண்டை, ஒரு குறையும் இல்லாதது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தொடுகிறாள். கம்பிகளைத் திரும்ப எண்ணுகிற நகச் சத்தம் கேட்கிறது. துணி ஆக்சிஜன் என்று இப்போதுதானே ஒப்புக்கொண்டாள், ஆக்சிஜனுக்கு இரண்டு கைதானே, இதில் மூன்று இருக்கிறதே. அவள் தலைக்குள் நடப்பது எழுத்து எழுத்தாக எனக்குத் தெரிகிறது. தெரியல சார் என்கிறாள். பிறகு, என் பக்கம் திரும்பி, டீச்சர், கை மரத்துப்போச்சு போல என்கிறாள்.

நல்லபெருமாள் பெருமூச்சு விடுகிறார். நல்ல மனுஷன் விடுகிற பெருமூச்சு, அதுதான் கொடுமை. பரவால்ல தாயி என்கிறார். பேனா தாளில் ஊர ஆரம்பிக்கிறது, டிக் இல்லை, எழுத்து, நீளமாக. என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா. மாணவியால் அடையாளம் காண இயலவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது, வாய்க்குள் தயாராக நிற்கிறது: சார், தண்ணீர் ஒரு சோதனைக்காக வேண்டுமென்றே மாற்றி வைத்தது. சொன்னால் நான் கெட்டிக்காரி, அவர் மாட்டிக்கொண்டவர், இங்கேயே, இப்போதே. அப்படியானால் அந்தச் சோதனையில் பிள்ளை தோற்றுவிட்டாளே என்பார். தோற்றாள்தானே. அவர் விழுந்த அதே குழியில் அவளும் கிடக்கிறாள், அவரை மட்டும் தூக்கிக் காட்ட முடியாது. பேனா ஊர்கிறது. அப்பாவின் ஹெ ஹெ. பேனா ஊர்கிறது. சார் என்கிறேன். சார், எழுதாதீங்க. அந்தத் தண்ணியில உள்ளது ஆக்சிஜன் இல்ல. சணல் சுத்துறதுக்குப் பதிலாத் தெரியாம துணி சுத்திட்டேன். பிள்ள மேல தப்பில்ல சார், நான் செஞ்ச தப்பு.

எடுக்கிறார். இந்தத் தடவை தொடுகிறார், உண்மையாகவே தொடுகிறார், கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார், பிறகு கார்பன் டை ஆக்சைடை எடுத்து அதில் உள்ள சணலைத் தேய்த்துப் பார்க்கிறார். நானும் பார்த்தேனே, எனக்கும் தெரியலையே என்று சொல்வார் என்று ஒரு நொடி நினைக்கிறேன். சொல்லவில்லை. அமோனியாவைத் திரும்ப அவள் கையில் கொடுக்கிறார். துணின்னா நைட்ரஜன்தான டீச்சர் என்கிறாள். ஆமா என்கிறேன். அமோனியா, எத்தனால், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சொல்கிறாள், கடைசியில் அவர் கொடுப்பதற்கு முன்பே கையை நீட்டுகிறாள். அவர் பழையதை அடித்துவிட்டு எழுதுகிறார், எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டுகிறார், நியாயமான மனுஷன். பொருத்தமானவை, அறிவியல் பிரிவு தொடங்கப் பரிந்துரைக்கிறேன். "கோவிச்சுக்காதீங்கம்மா, ஒரு வரி மட்டும் சேத்திருக்கேன். இனிமே நீங்க செய்யுற ஒவ்வொரு உருவத்தையும் கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் பாத்துச் சரின்னு சொன்ன பிறகுதான் பிள்ளைங்களுக்குக் குடுக்கணும். உங்க நல்லதுக்குத்தான்."

கண் தெரிந்த ஒருத்தர் பார்த்து. ஏழாவது டிக் அந்தத் தாளிலேயே இருக்கிறது, அதற்குக் கீழே இந்த வரியும் இருக்கிறது, இரண்டும் ஒரே பேனா. சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா, பேனாவை இன்னும் மூடவில்லையே. சரிங்க சார் என்கிறேன். பேனாவை மூடுகிறார். இந்த வரியை நான் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும், என் சொந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண் உள்ள எவன் முன்னாலாவது போய் நிற்க வேண்டும், அதை நானே எழுதி வாங்கிக்கொண்டேன். மனசு ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்காலி பின்னுக்குப் போகிறது, அவர் எழுகிறார், கூட்டத்துல பாப்போம்மா என்று சொல்லிவிட்டுப் போகிறார், படியில் இடறி விழ மாட்டாரா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். விழவில்லை.

உருவங்களைப் பள்ளங்களில் திரும்ப வைக்கிறோம் நானும் அலி பாத்திமாவும். சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் அவள் பாட ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். தண்ணீர் அவள் கையில்தான் இருக்கிறது, ஏழாவது பள்ளத்தில் அது இன்னும் வந்து சேரவில்லை.

"டீச்சர், தெரியாம துணி சுத்திட்டேன்னு சொன்னியல்லா. பொய்தான?"

அவளுடைய விரலை நான் ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. ஆமா என்கிறேன்.

"யாருக்கு டீச்சர் வச்சிய?"

அவருக்கு என்கிறேன். காரணமும் சொல்லியிருப்பேன், லிட்மஸ் தாள், அப்பா, எல்லாவற்றையும். அவள் கேட்கவில்லை. உருண்டையின் துணி முனையைத் தேடிப் பிடித்து உரிக்க ஆரம்பிக்கிறாள், பசை காய்ந்திருக்கிறது, மெல்ல மெல்லத்தான் வருகிறது.

"அவரு தொடமாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்லா டீச்சர்" என்கிறாள். "தொடுறது நாங்க மட்டுந்தான."